சிரிப்பு யார் பக்கம்?

(நாடக மன்றமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



'நகைச்சுவையும் நாட்டு நடப்பும்' என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். தலைப்புக்கு ஏற்றபடி நான் உங்களைச் சிரிக்க வைப்பேன் என்று மன்றத்தார் எண்ணியிருக்கக்கூடும். மன்னிக்க வேண்டும். இன்று நான் சிரிப்பு மூட்ட வரவில்லை. சிரிப்பின் மீது ஒரு வழக்குத் தொடுக்க வந்திருக்கிறேன். அந்த வழக்கிலே முதல் குற்றவாளி யார் தெரியுமா? வேறு யாருமல்லர், உங்கள் முன் நிற்கும் நானேதான்!

சில ஆண்டுகளுக்கு முன் நாடகமொன்று எழுதினேன். அதிலே ஒரு பெரியவர். சாதிச் செருக்கிலே ஊறியவர். திண்ணையிலே சாய்ந்துகொண்டு, 'எங்கள் பாட்டனார் காலத்திலே' என்று தொடங்கினால், பாதி இரவு வரை பழம்பெருமை பேசுவார். ஆண்ட கதை சொல்வார், அடக்கிய கதை சொல்வார். ஆனால், மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் வந்தால் மட்டும் கொல்லைப்புறமாக ஓடி மறைவார்! அவர் வாயாலேயே அவருடைய வண்டவாளம் வெளியாக வேண்டும், மக்கள் அவரைக் கண்டு எள்ளி நகையாட வேண்டும் — இதுதான் என் நோக்கம்.

நாடகம் நடந்தது. கொட்டகை அதிர்ந்தது! கைதட்டல் ஒரு பக்கம், சீழ்க்கை ஒரு பக்கம்! எழுதிய எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எடுத்துச் சொல்லவா வேண்டும்? திரை விழுந்தது. ஒருவர் விரைந்து வந்து என் இரு கைகளையும் பற்றிக் கொண்டார். "தம்பி! எங்கள் மனத்திலே கிடந்ததை அப்படியே மேடையிலே கொட்டிவிட்டாய்! இந்தக் காலத்திலே இவ்வளவு துணிச்சலாகப் பேச யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது?" என்றார்.

எனக்கு நா எழவில்லை. நான் எய்தது அம்பு. அவர் ஏற்றது மாலை! பழிக்க நினைத்தவருக்கு, எழுதுகோல் பிடித்த கையாலேயே பல்லக்குத் தூக்கியிருக்கிறேன் என்பது அன்றைக்கு விளங்கிற்று. சிரித்தார்கள், உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு யார் பக்கம்?

தோழர்களே! அந்தக் கேள்வி பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. தேடினேன். இதே கேள்வியை, இலட்சக்கணக்கான இல்லங்களின் கூடத்திலே வைத்து, வாரந்தோறும் கேட்டுப் பார்த்த நாடொன்று உண்டு என்று கண்டேன். அதுதான் அமெரிக்கா. அங்கே தொலைக்காட்சியிலே ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர்களின் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

1960களின் அமெரிக்காவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வியட்நாமிலே போர். தெருவெங்கும் கிளர்ச்சி. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்படுகிறார். நகரங்கள் பற்றி எரிகின்றன. அந்த நாளிலே தொலைக்காட்சியைத் திறந்தால் என்ன தெரியும்? 'கோமர் பைல்' என்றொரு தொடர். 1964 முதல் 1969 வரை ஓடிற்று. கதாநாயகன் யார்? கடற்படைப் பிரிவின் போர்வீரன்! அவன் இருப்பது எங்கே? பாசறையிலே! அத்தனை ஆண்டும் அந்தப் பாசறையிலே வியட்நாம் என்ற பெயரே வராது. போர் வீரன் உண்டு, போர் இல்லை! வீடு பற்றி எரியும்போது, விருந்தினருக்கு விகடம் சொல்லிக் கொண்டிருப்பதைப் போன்றதல்லவா அது?

இந்த மௌனத்தை உடைத்தவர் நார்மன் லியர். 1922இல் பிறந்தவர். கல்லூரியிலே சேர்ந்தார், முடிக்கவில்லை. (கல்லூரியை முடிக்காதவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பாசம் உண்டு, காரணம் உங்களில் பலருக்குத் தெரியும்!) படிப்பை விட்டுவிட்டு, இட்லரை எதிர்த்த போரிலே விமானப்படையிலே சேர்ந்து, 52 முறை வானேறிப் போரிட்டவர். போர் முடிந்து திரும்பியவர் நகைச்சுவை எழுதத் தொடங்கினார். 2023 டிசம்பரில், தம் 101ஆம் வயதில் மறைந்தார்.

அவருக்கு வித்து கிடைத்தது இங்கிலாந்திலே. அங்கே பி.பி.சி.யில், ஜானி ஸ்பைட் என்பவர் எழுதிய ஒரு தொடர் 1960களின் நடுவிலிருந்து நடந்து கொண்டிருந்தது. அதன் நாயகன் ஆல்ஃப் கார்னெட், கறுப்பரை ஏசுவான், யூதரை ஏசுவான், குடியேறி வந்தோரை ஏசுவான். அந்த வேடத்தைத் தாங்கிய நடிகர் வாரன் மிட்செல் யார் தெரியுமா? அவரே ஒரு யூதர்! தம் இனத்தை ஏசும் வசனத்தைத் தாமே பேசி, ஏசுபவனின் மடமையைக் காட்டினார். ஆனாலும் என்ன நேர்ந்தது? தெருவிலே அவரைக் கண்டோர் சிலர், 'அந்த ஆட்களை நன்றாகச் சாடினீர்கள்' என்று பாராட்டுவார்களாம். 'ஐயா, நாங்கள் சாடியது உங்களைப் போன்றோரைத்தான்' என்று விடை சொல்வாராம் மிட்செல். எனக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்திருக்கிறது! அவருக்கு விடை கிடைத்தது. எனக்கு நா எழவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த இங்கிலாந்துத் தொடரை அமெரிக்க மண்ணுக்கு ஏற்ப ஆக்கினார் லியர். ஏ.பி.சி. நிறுவனம் இருமுறை முன்னோட்டம் எடுத்துப் பார்த்து, இருமுறையும் கைவிட்டது. பிறகு சி.பி.எஸ். துணிந்தது. 1971 ஜனவரி 12ஆம் நாள் 'ஆல் இன் த ஃபாமிலி' தொடங்கிற்று. தொடங்குமுன்னே திரையிலே ஓர் அறிவிப்பு. நம் குறைகளையும் வெறுப்புகளையும் நகைப்புக்கு உள்ளாக்கி, அவை எவ்வளவு பொருளற்றவை என்று காட்டுவதே நோக்கம் என்ற பொருளிலே! கண்டனங்கள் குவியும் என்று அஞ்சித் தொலைபேசி எடுக்கக் கூடுதல் ஆட்களை அமர்த்தி வைத்திருந்தார்கள். பூகம்பம் வரும் என்று காத்திருந்தார்கள்; பூகம்பம் வரவில்லை.

என்ன இருந்தது அந்தத் தொடரில்? நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலே ஒரு சிறிய வீடு. ஆர்ச்சி பங்கர் என்றொரு குடும்பத் தலைவன். சரக்கு ஏற்றி இறக்கும் இடத்திலே மேற்பார்வை பார்ப்பவன். பெரிய பணக்காரனல்லன், வில்லனுமல்லன். உழைப்பவன், வரி கட்டுபவன், தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருப்பவன். ஆனால் வாயைத் திறந்தாலோ, கறுப்பர் மீது வெறுப்பு! யூதர் மீது ஏளனம்! பெண்கள் மீது அலட்சியம்! மனைவி எடித் பேச வாயெடுத்தால், அடக்கு என்பான். அந்த அதட்டலை லியர் எங்கிருந்து எடுத்தார்? தம் சொந்தத் தந்தையின் வாயிலிருந்து எடுத்தார்! மகள் குளோரியா, மருமகன் மைக். மருமகன் முற்போக்கு பேசும் மாணவன். மாமனார் வீட்டிலே தங்கிக் கொண்டு, மாமனார் சோற்றை உண்டு கொண்டு, மாமனாரோடு மல்லுக்கு நிற்பவன்!

இந்தத் தொடர், 1971 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே முதலிடம் பெற்றது. வியட்நாம் பேசினார்கள். வேலையின்மை பேசினார்கள். பெண்ணுரிமை பேசினார்கள். ஐந்தாவது வாரத்திலேயே ஓரினச் சேர்க்கையாளரைப் பற்றிப் பேசினார்கள்: ஆர்ச்சி ஆண்மையின் இலக்கணமென்று போற்றிய பழைய விளையாட்டு வீரரே அப்படிப்பட்டவர் என்று காட்டினார்கள். யாருக்கு உறுத்திற்று தெரியுமா? குடியரசுத் தலைவர் நிக்சனுக்கு! வெள்ளை மாளிகையிலே தம் உதவியாளர்களிடம் அதுபற்றி அவர் மனம் புழுங்கிப் பேசியது 1971 மே மாதத்து ஒலிநாடாவிலே இன்றும் இருக்கிறது. அணுகுண்டுப் பொத்தானைக் கையிலே வைத்திருந்தவருக்கு, அரைமணி நேர நகைச்சுவை அச்சமூட்டிற்று!

இனிதான் வழக்கின் எதிர்த்தரப்பு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

லாரா ஹாப்சன் என்ற எழுத்தாளர், யூத வெறுப்பை எதிர்த்து 1947இலேயே புகழ்பெற்ற நாவல் தந்தவர், 1971இல் நியூயார்க் டைம்ஸ் ஏட்டிலே கேட்டார்: வெறியனை நேசத்துக்குரியவனாகக் காட்டலாமா? வெறுப்பின் கொடிய சொற்களை விலக்கிவிட்டு, மென்மையான வசைகளை மட்டும் அவன் வாயிலே வைப்பது, வெறுப்பைக் கழுவித் துடைத்துக் கூடத்திலே உட்கார வைப்பதாகாதா? — கூர்மையான கேள்வி! 1972 தேர்தல் ஆண்டிலே, ஆர்ச்சியே குடியரசுத் தலைவராக வேண்டும் என்று வண்டிகளிலே ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். விளையாட்டுத்தான், ஆனால் எல்லோருக்கும் விளையாட்டா?

1974இல் விட்மர், ரோக்கீச் என்ற இரு அறிஞர்கள் ஆய்வு நடத்தி எழுதினார்கள். இனவெறுப்பு மிகுந்தோர் அந்தத் தொடரைப் பார்த்துத் திருந்தினார்களா? இல்லை! வெறுப்புக் குறைந்தோர் ஆர்ச்சியைக் கண்டு சிரித்தனர்; வெறுப்பு மிகுந்தோர் ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தனர். வாதத்திலே வென்றவன் ஆர்ச்சிதான் என்றே அவர்களிலே பலர் எண்ணினர். ஒரே கொட்டகை, ஒரே சிரிப்பு. உள்ளேயோ இரண்டு கட்சி!

அப்படியானால் நகைச்சுவை வீணா? வெறும் கூத்தா? அன்று என் கையைப் பற்றிக் குலுக்கினாரே அந்த மனிதர், அவருக்காகத்தான் நாம் எழுதிக் கொண்டிருக்கிறோமா?

அங்கேதான், தோழர்களே, அந்தத் தொடரை நான் மீண்டும் மீண்டும் பார்த்தேன். பார்த்தபோது என் நாடகத்திலே இல்லாத ஒன்று அங்கே இருப்பதைக் கண்டேன். என்ன அது? கதவு! ஆம், கதவு! ஆர்ச்சி பங்கரின் கூடத்துக்கு ஒரு கதவு உண்டு. அவன் யாரை ஏசுகிறானோ, அவர்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள்.

அண்டை வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனல் வருவான். ஆர்ச்சி பேசுவதை எல்லாம் பணிவோடு கேட்பான். பணிவோடே ஒரு பதில் சொல்வான். அந்தப் பதிலிலே குத்தல் இருக்கும். ஆர்ச்சிக்குப் புரியாது, மைக்குக்குப் புரியும், எடித்துக்குக்கூட ஓரளவு புரியும், பார்ப்போருக்குப் பளிச்சென்று புரியும். 1972 பிப்ரவரியிலே புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் சாமி டேவிஸ் ஜூனியரே வந்தார், வாடகைக் காரிலே விட்டுச் சென்ற கைப்பெட்டியைத் தேடிக் கொண்டு! ஆர்ச்சி அவருக்கு உபசாரம் செய்கிறான்; உபசாரத்தின் ஊடே உளறுகிறான். கடைசியிலே நிழற்படம் எடுக்க இருவரும் நிற்கிறார்கள். படம் எடுக்கும் நொடியிலே, சாமி டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்திலே ஒரு முத்தம் பதிக்கிறார்! ஆர்ச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆயிரம் கண்டனத் தீர்மானங்கள் செய்யாததை அந்த ஒரு முத்தம் செய்தது.

என் நாடகத்திலே என்ன இருந்தது? திண்ணை இருந்தது, பெரியவர் இருந்தார், பேச்சு இருந்தது. யாரை அவர் இழித்துப் பேசினாரோ, அந்த மனிதர் மேடையிலே ஒரு காட்சியில்கூட இல்லை! இல்லாதவரைப் பற்றி ஏளனம் பேசினேன், இருப்பவர்கள் கைதட்டினார்கள். அதுவா சீர்திருத்த நாடகம்? திண்ணையிலே நித்தம் நடப்பதும் அதுதானே!

கதவு திறப்பதோடு கடமை முடிந்ததா? அதுவுமில்லை. அந்தத் தொடரிலே ஒரு புதிர் வரும். 1972 அக்டோபரிலே ஒளிபரப்பானது. உங்களையும் கேட்கிறேன். தந்தையும் மகனும் காரிலே செல்கிறார்கள். விபத்து. தந்தை அங்கேயே இறந்துவிடுகிறார். மகனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். அறுவை மருத்துவர் வந்து பார்க்கிறார். பார்த்ததும், "இவனுக்கு என்னால் அறுவை செய்ய இயலாது, இவன் என் மகன்!" என்கிறார். எப்படி?

முன்வரிசையிலே முணுமுணுப்புக் கேட்கிறது. வளர்ப்புத் தந்தையா? கனவா? இல்லை. அந்த மருத்துவர், பையனின் தாய்! நம் தமிழிலே 'மருத்துவர்' என்ற சொல்லுக்கு ஆண்பால் இல்லை. 'வந்தார்' என்ற வினைக்கு மீசை இல்லை. ஆனால் கேட்ட நம் மனத்திலே மீசை முளைத்துவிட்டதே, எப்படி? ஆர்ச்சிக்கு விடை தெரியவில்லை, வியப்பில்லை. முற்போக்கு பேசிய மைக்குக்கும் தெரியவில்லை! கடைசியிலே விடை சொன்னவள், 'உனக்கு என்ன தெரியும்' என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்ட எடித். மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய், 'காப்பி எங்கே' என்று அதட்டுகிற நம் போன்றோருக்கு விழுந்த அடி அது. எதிரியை மட்டும் கேலி செய்வது எளிது. தன் பக்கத்தையும் கேலி செய்கிறவன் சொல்லுக்குத்தான் எதிரியின் வீட்டிலும் நாற்காலி கிடைக்கும்.

அடுத்தது, பேசப்படுபவர் பேச வேண்டும். 'மாட்' என்று லியர் தந்த மற்றொரு தொடர். நாயகி 47 வயதுப் பெண். 1972 நவம்பரில் இரு வாரங்கள் ஒரு கதை வந்தது: அந்த வயதிலே அவள் கருவுற்றிருக்கிறாள், என்ன செய்வது? நியூயார்க் மாநிலத்திலே 1970இலேயே கருக்கலைப்பு சட்டப்படி ஏற்கப்பட்டிருந்தது. அஞ்சுகிறாள், அழுகிறாள், கணவனோடு பேசுகிறாள். கடைசியிலே தானே முடிவெடுக்கிறாள். வசனம் எழுதியவர் சூசன் ஹாரிஸ் என்ற பெண். சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் மறுஒளிபரப்பு வந்தபோது எதிர்ப்பு இன்னும் பெருகிற்று. மேலும் பல நிலையங்கள் விலகின, விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள். ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை நீதிபதிகளும் பாதிரியார்களும் பேசிய பொருளை, அந்த உடலுக்கு உரியவளே கூடத்தின் நடுவிலே அமர்ந்து பேசினாள். இரண்டு மாதங்கள் கழித்து, 1973 ஜனவரி 22இல், நாடு முழுவதற்கும் அந்த உரிமையை உச்சநீதிமன்றம் வழங்கியது. நாடகம் தீர்ப்பை எழுதிற்று என்று நான் சொல்லமாட்டேன், அது மிகை. 2022 ஜூன் 24இல் அதே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிரிப்பு கதவைத் திறக்கும். திறந்த கதவைக் காத்து நிற்பது கொட்டகைக்கு வெளியே நாம் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது எச்சரிக்கை ஒன்று உண்டு. 1974இல் 'குட் டைம்ஸ்' தொடங்கிற்று. சிகாகோவிலே ஏழைகளின் அடுக்ககம். அதிலே ஒரு கறுப்பினக் குடும்பம். தாயாக நடிக்க இசைந்த எஸ்தர் ரோல் ஒரு நிபந்தனை விதித்தார்: 'இந்தக் குடும்பத்திலே தந்தை இருக்க வேண்டும்.' கறுப்பினக் குடும்பம் என்றால் தந்தையற்ற குடும்பம் என்று காட்டும் வழக்கத்தை உடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தந்தை வந்தார், ஜான் அமோஸ் என்ற சிறந்த நடிகர் வந்தார். ஆனால் நடந்ததென்ன? மூத்த மகன் ஒரு கோமாளி. 'டைனமைட்' என்று அவன் கண்ணை உருட்டிக் கத்தினால் கைதட்டல் வானைப் பிளக்கும். கைதட்டலைக் கண்டார்கள், கோமாளித்தனத்தைக் கூட்டினார்கள். தாயும் தந்தையுமாக நடித்த இருவரும் எதிர்த்தார்கள். 1975இலே எஸ்தர் ரோல் ஏட்டிலேயே வெளிப்படையாகக் கண்டித்தார். ஜான் அமோஸ் விலக்கப்பட்டார். 1976இலே கதையில் தந்தை விபத்திலே மாண்டார்! போராடிக் கொண்டுவந்த தந்தையைக் கைதட்டல் கொன்றது! கதவைத் திறந்து உள்ளே அழைத்துவிட்டு, வந்தவருக்குக் கோமாளிக் குல்லாய் மாட்டினால், வெறியன் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிட்டோம் என்று பொருள்.

நாடகம் எழுதும் இளைஞர்களே! உங்களுக்கு ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். 1973 பிப்ரவரி 24. ஆர்ச்சியின் வீட்டுக் கதவிலே யாரோ நாஜிச் சின்னத்தைத் தீட்டிவிட்டார்கள். வீடு மாறித் தீட்டிய தவறு. பாதுகாப்புத் தர ஒரு யூத இளைஞன் வருகிறான். வன்முறைக்கு வன்முறையே விடை என்கிறான். வாதம் நடக்கிறது, சிரிப்பும் நடக்கிறது. அவன் விடைபெற்றுச் செல்கிறான். வெளியே பேரோசை! காரோடு அவனை வெடிவைத்துக் கொன்றுவிட்டார்கள். குடும்பம் வாசலிலே உறைந்து நிற்கிறது. இசை இல்லை, சிரிப்பில்லை, பேச்சில்லை. அத்துடன் முடிந்தது.

சற்று முன்பு வரை சிரித்துக் கொண்டிருந்த நாடு, அந்த இரவு எப்படிப்பட்ட மௌனத்திலே உட்கார்ந்திருக்கும்! சிரிப்பு அவர்களை அந்த வாசல் வரை அழைத்து வந்தது. பாடம் சொன்னது மௌனம்.

இன்று ஆர்ச்சியின் நாற்காலி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. நாற்காலி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதிலே அமர்ந்திருந்த மனப்பான்மை போய்விட்டதா? அதற்கு விடையை அமெரிக்கரிடம் கேட்க வேண்டாம். அவரவர் திண்ணையிலே தேடுவோம்.

என் நாடகத்தைத் திருத்தி எழுதினேன். பெரியவர் அதே திண்ணையிலே, அதே பெருமையைத்தான் பேசுகிறார். ஆனால் இப்போது அவர் பேசத் தொடங்கும் முன்னே, ஓர் இளைஞன் வாசலிலே வந்து நிற்கிறான். மளிகைக் கடையின் கணக்கேட்டைக் கையிலே பிடித்தபடி, அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கொண்டே நிற்கிறான். பெரியவருக்கு அவன் நிற்பது தெரியாது, மக்களுக்குத் தெரியும். முதல் வசனத்துக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவது வசனத்தின்போது கொட்டகையிலே விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது.

அன்றைக்கு யாரும் ஓடிவந்து என் கையைக் குலுக்கவில்லை. கைதட்டலும் குறைவுதான். ஆனால் அன்றிரவு நான் நன்றாக உறங்கினேன்.